புஸ்பராணி கலைத்த காகங்கள்

திருகோணமலை மாவட்டத்திலேயே காகத்திடம் கெஞ்சாத ஒரே ஆண்மகன் தானே என்பதை, அம்மம்மாவின் முதலாம் ஆண்டு ஆட்டத் திவசத்தன்று, ஓர்ஸ் ஹில் வீட்டு முற்றத்தில் பசியோடு இருந்த உறவினர் அனைவருக்கும் கேட்கும்படி ரிஷிகேசன் அறிவித்தான்.

கம்பசில் இப்படி ஏதாவது சொன்னால் கூடப் படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள். இங்கே ஒருவரும் தட்டவில்லை. கைகளைச் சோற்றுக்காக வைத்திருந்தார்கள்.

கிரியை செய்த ஐயர் போய்விட்டார். முற்றத்து மதிலில், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், படையல் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு காகம் வந்து கொத்தினால், போன வருடம் கண்மூடிய புஸ்பராணி அம்மம்மா வந்து சாப்பிட்டதாகக் கணக்கு. அதன் பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. காகம்தான் வருவதாக இல்லை.

"அம்மம்மாவே இதை நம்பாத ஆள்," என்றான் ரிஷி. "'செத்த பிறகு காகமா வந்து உங்கட கத்தரிக்காயைக் கொத்தவோ, எனக்கு வேற வேலையில்லையோ' எண்டு கேட்டவ. நான் அவவின்ர வாரிசு."

அது உண்மைதான். சல்லிக் கிராமத்தில், கருவாடு காயும் கரையில் வளர்ந்தவர் புஸ்பராணி. காகம் என்றால் கள்ளன் என்பதே அவர் படித்த முதல் பாடம். கலியாணமாகி ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தபோது சீதனத்தோடு, கல்லடிக்கும் ஒரு கெற்றப்போலும் வந்தது. எழுபது தாண்டியும், அவர் ரப்பரை இழுத்து ஒரு கண்ணை மூடினால், துறைமுகப் பக்கமிருந்து வரும் காகங்கள் பாதி வழியில் மனம் மாறிவிடும். கடைசியாக எறிந்த கல் தெருவில் நின்ற ஓட்டோவின் கண்ணாடியை உடைத்தது. "நான் என்ன செய்ய? காகம் குனிஞ்சிட்டுது," என்றார்.

அன்றைக்குத்தான் ரிஷியின் அம்மா பிரசாந்தி அந்தக் கெற்றப்போலைப் பறித்தார். இப்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"அலுமாரிக்குள்ள ஒளிச்சது நான். சாகுமட்டும் கேட்டுக் கேட்டுப் போனவ. அந்தக் கோவத்திலதான் வாறா இல்லை."

"காகத்துக்கு இந்த வீட்டில பயம், அம்மா. அவ்வளவுதான். இது விஞ்ஞானம்."

"அந்த விஞ்ஞானத்தை வச்சு ஒரு காகத்தைக் கொண்டு வா பாப்பம்," என்றார் மாமா கோணாமலை. சாப்பாட்டுக்கு முன் போடும் நீரிழிவுக் குளிசையை ஏற்கெனவே விழுங்கியிருந்ததால் அவருடைய பக்தி உச்சத்தில் இருந்தது.

"பிரசாந்தி! ஒருக்கா இஞ்சால வாங்களேன்!" என்று வீட்டின் பின்மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. அம்மம்மாவின் சினேகிதி உம்மு குல்சும்.

"காகம் வரட்டும் ராத்தா, பிறகு வாறன்!"

ரிஷி சவாலை ஏற்றான். முதலில் அம்மம்மாவின் படத்தைப் பார்த்தான். படத்திலும் ஒரு கண் சற்றுச் சுருங்கி, குறி பார்ப்பது போலவே இருந்தது. தூக்கி உள்ளே வைத்தான்.

"ஆளையே உள்ள அனுப்பிப்போட்டு ஆருக்கடா சோறு?" என்று அம்மாவின் அழுகை ஒரு படி ஏறியது.

அடுத்து, ஒருவரும் பார்க்காத நேரம் இலையில் ஒரு துண்டுக் கருவாட்டைச் செருகினான். பூனை வந்தது. பூனையின் வாயில் கருவாட்டைப் பார்த்த ஒரு பெரியம்மா, "திவசச் சோத்தில மச்சமோ!" என்று அலறியது துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும். அந்த இலையைக் கொட்டிவிட்டுப் புதிய இலை போட்டார்கள்.

மூன்றாவதாகத் தொலைபேசியில் காகச் சத்தம் தேடியெடுத்து, ஸ்பீக்கரை வேம்புக்குக் கீழே வைத்தான். வேம்பின் உச்சியில் வருவோமா விடுவோமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டு காகங்கள், கேட்ட உடனேயே முடிவெடுத்துப் பறந்துபோயின. பிறகுதான் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்தான்: வயலில் காகம் கலைப்பதற்கான அபாயக் குரல்.

திரும்பிப் பார்த்தால், ஊர் சுற்றும் மான் ஒன்று கேற்றால் நுழைந்து, மதிலில் இருந்த இலையின் கடைசி நுனியை மென்றுகொண்டிருந்தது.

"மான் சாப்பிட்டாச் சரிவராதோ?" என்று மாமா ஆசையோடு கேட்டார்.

"என்ர அம்மா இலையையும் சேத்தோ அண்ணா சாப்பிடுறவ?" பிரசாந்தி கதிரையில் தொப்பென்று இருந்தார். "என்னோட கோவத்தோடையே போயிட்டா. மனுசி இனி வரவே மாட்டா."

ரிஷியிடம் அதற்கும் ஒரு நக்கல் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டான்.

நேரே குசினிக்குப் போனான். தானே ஒரு இலையில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் போட்டான். பின்வளவுக்குக் கொண்டுபோய், பின்மதிலின் மேல் வைத்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். ஒருவரும் இல்லை. திருகோணமலை மாவட்டத்தின் ஒரே ஆண்மகன் முதலில் தொண்டையைச் செருமுவது போலத் தொடங்கினான்.

"கா..."

பிறகு கொஞ்சம் துணிந்து: "கா... கா... அம்மம்மா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன். அம்மா அழுறா."

மதிலுக்கு அப்பால் படபடவென்று சிறகுகள் அடித்தன. எட்டிப் பார்த்தான். உம்மு குல்சுமின் கிணற்றடி முழுக்கக் காகங்கள். மடத்தில் அன்னதானத்துக்கு வந்தவர்கள் போல வரிசையாக இருந்தன. ஒன்று எழும்பி வந்து, ரிஷியைச் சட்டையே செய்யாமல், அவன் கைக்குப் பக்கத்திலேயே இலையைக் கொத்தத் தொடங்கியது.

"அம்மா!" என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் உம்மு குல்சும் வாளியோடு கிட்ட வந்துவிட்டார்.

"இதைச் சொல்லத்தான் மகன் காலையில இருந்து கூப்பிடுறன். முன்னுக்குக் கல்லெறிஞ்சு கலைச்சுப்போட்டு, புஸ்பக்கா நாளும் பின்னுக்கு வந்து, செத்துப்போன புருசன்ர பேரைச் சொல்லி இந்த மதிலிலதான் சோறு வைக்கிறவ. அவ போன பிறகு நான் வைக்கிறன். ஆனா அவ உங்களப் போல சத்தமாக் கூப்பிடமாட்டா, 'மெல்லக் கதை குல்சும், பேரன் கேட்டாச் சிரிப்பான்' எண்டுவா."