இன்னும் இருநூறு வெட்டு

கொஞ்சம் இப்படி வாருங்கள், உங்களுக்கு ஓர் இனத்தைக் காட்டுகிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்று பெயர். பொருளை வாங்குமுன் சந்தேகப்படுகிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. இவருக்கு வாங்கிய பிறகுதான் சந்தேகமே பிறக்கும்.

நம்மவர் வாரநாட்களில் தணிக்கை அதிகாரி, விடுமுறையில் தச்சர். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, "தொட்டில நான்தான் செய்வேன், கடையில வாங்கினா மனசு கேக்காது" என்று வாக்குக் கொடுத்தார். நல்ல தேக்குப் பலகைகளாகப் பார்த்து வாங்கி, கார் நிறுத்தும் கொட்டகையில் அடுக்கினார். பிறகு மலிவான உளி ஒன்றும், அதைப்போல் ஒன்பது மடங்கு விலையில் உசத்தியான உளி ஒன்றும் வாங்கினார். இரண்டில் எதற்குக் கூர் அதிகம் நிற்கும்? அது தெரியாமல் தொட்டிலில் எப்படிக் கை வைப்பது?

ஆரம்பித்தது சோதனை. தீட்ட ஒரே கல், ஒரே சாய்வு, அடிக்க ஒரே சுத்தியல். இருபது வெட்டுக்கு ஒருமுறை உளியால் செய்தித்தாளைக் கீறிப் பார்ப்பார். அதில் திருப்தி வராமல் இடது கை முடியை மழித்துப் பார்ப்பார். ஒரே மாதத்தில் அந்தக் கை முழங்கைவரை வழவழவென்று ஆகிவிட, அலுவலகத்துக்கு முழுக்கைச் சட்டை போடவேண்டியதாயிற்று. கழிவுக்கட்டையில் வெட்டினால் நியாயமான சோதனை ஆகுமா? ஆகாது. தேக்கில்தான் வெட்டினார். முதலில் பலகையின் ஓரத்தில், அப்புறம் 'தொட்டிலின் கால் கொஞ்சம் குட்டையாக இருந்தால்தான் என்ன' என்று இன்னும் கொஞ்சம் உள்ளே.

"என்னங்க, தொட்டில் எந்த மட்டுல இருக்கு?" என்று மனைவி கேட்டார்.

"இன்னும் இருநூறு வெட்டு. முடிவு தெரிஞ்சிடும்."

தெரிந்தது. மாதக்கணக்கில் எத்தனை முறை திரும்பச் செய்து பார்த்தாலும் மலிவு உளி இருநூற்று நாற்பதாவது வெட்டில் மழுங்கியது, உசத்தி உளி நானூற்று இருபதில். சமையலறைக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார்.

"மழுங்கினா என்ன பண்ணணும்?"

"திரும்பத் தீட்டணும்."

"அதுக்கு எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம்" என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

இதற்குள் மகளுக்குக் குழந்தையும் பிறந்து, அடுத்த வாரம் அவள் வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கொட்டகைக்குத்தான் போனாள். கணுக்கால் மூடும் அளவுக்கு மரச்சில்லுகள் கிடந்தன. பலகை என்று மிஞ்சியது முழ நீளத்துக்கு இரண்டு துண்டு.

"தொட்டில் எங்கப்பா?"

வெட்டுக் கணக்கு எழுதிவைத்த குறிப்பேட்டை நீட்டப்போனவர் கையை இழுத்துக்கொண்டார். அவமானமாக இருந்தது. நிஜமாகவே அவமானமாக இருந்தது. மகள் ஒன்றும் திட்டவில்லை, உள்ளே திரும்பி, "அம்மா, துணிக்கூடை காலியா இருக்கா?" என்றாள். அதில்தான் பேரன் தூங்கினான். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குட்டி விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இனி ஒரு நாள்கூடத் தாமதிப்பதில்லை என்று தீர்மானித்து, மறுநாள் காலையில் மரக்கடை திறக்குமுன்பே போய் நின்றார்.

"தேக்குல ரெண்டு தரம் இருக்கு சார். எது வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுலயும் ஒவ்வொரு துண்டு குடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? ரொம்பச் சந்தோஷம். உங்களை நம்பி ஏதோ ஒன்றுக்காக வீட்டில் காத்திருக்கிறார்களே, அவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். முகத்தில் இருக்கும் சிரிப்பை மட்டும் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள்.