குட்டப்பனை ஒளித்து வைத்த சமையலறை

சுள்ளிக்கல், கொச்சி
12-11-1983, சனிக்கிழமை

கம்பத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய அழகர் மச்சானுக்கு, மட்டாஞ்சேரியில் சாயாக்கடை வைத்திருக்கும் உங்கள் தங்கை புருஷன் செல்லதுரை பணிவோடு எழுதிக்கொள்வது. அங்கே அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி எழுத முடியவில்லை.

விஷயம் நம் குட்டப்பனைப் பற்றியது. அவன் வெச்சூர்க் காளை. முழுதாக வளர்ந்தும் என் இடுப்புக்கு மேல் வரவில்லை. இந்தப் பக்கத்தில் அந்த இனத்தில் மிஞ்சிய ஒரே காளை. பசுக்களும் நாலைந்து வீட்டில்தான். சர்க்காரோ நாட்டுக் காளைக்குக் காயடி, பசுவுக்குச் சீமைக்காளை ஊசி போடு என்கிறது. பக்கத்து வீட்டு ஜலீலாவின் பசுவுக்கு அப்படிப் போட்டு, கன்று பெரிது, தாய் சிறிது, இரண்டும் போய்விட்டன. ஜலீலா அன்று முழுக்க அடுப்பே மூட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிருகாஸ்பத்திரி இன்ஸ்பெக்டர் வைத்தீஸ்வரன், காயடிக்கும் இரும்பு இடுக்கியும் பியூனுமாக வாசலில் வந்து நின்றார், பாலக்காட்டுக்காரர், நான் குட்டப்பனைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், வெளியே பேச்சு மட்டும் கேட்கிறது.

"இங்க ஒரு காளை உண்டுன்னு கேட்டேனே?"

"இத்தனூண்டு வீட்ல காளை எங்க சார் நிக்கும்?" என்கிறாள் உங்கள் தங்கை சந்தனமாரி.

அந்த நேரம் பார்த்து இவன் என் கையை உதறி ஒரு கத்து கத்தினான்.

"உள்ள என்னவாக்கும் சத்தம்?"

"எங்க வீட்டுக்காரரு சார். நெஞ்சுல சளி."

"இத்தனை சளியா! நான் ஒண்ணு பாக்கட்டுமா?"

"ஐயோ, ஒட்டுவாரொட்டி சார்!"

மானத்தை விட்டு நான் இருமினேன். இருமும்போது பிடி தளர்ந்தது. இவன் மறுபடி கத்தினான். கடைசியில் இன்ஸ்பெக்டர், "திங்கக்கிழமை வரேன்" என்று போய்விட்டார்.

அன்று முதல் கடை திறக்கவில்லை. ஜலீலா வாசலிலேயே காவல் இருக்கிறாள். இந்தக் கடிதத்தை லாரி டிரைவர் அலாவுதீனிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கே அதே லாரியில் வந்து குட்டப்பனை உங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். உங்கள் தங்கை அழுவாள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இவன் போனால் இந்த இனம் இங்கே அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
செல்லதுரை

பி.கு: லாரி வேண்டாம், நீங்களும் அலைய வேண்டாம். அலாவுதீன் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் திரும்பி வந்துவிட்டார். பியூன் இல்லை, இடுக்கி இல்லை. பின்னால் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், அவர் கையில் கயிறு, கயிற்றில் ஒரு வெச்சூர்ப் பசு. "என் மாமனாராக்கும். பசு நேத்துலேந்து நிலைகொள்ளாம கத்தறது. வேற எங்கயும் காளை கிடைக்கலை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரிப்போர்ட்டுல இந்த வீட்ல காளையே இல்லேன்னு எழுதியாச்சு. இப்போ அந்தக் காளையைக் கொஞ்சம் வெளியில விடுங்கோ" என்றார்.

கதவை ஜலீலாதான் ஓடிப்போய்த் திறந்தாள்.