சுகிர்தபாய் தோற்ற ஆட்டம்

ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஜெயிலுக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

மலையாள ராஜ்யத்தோடு கிடந்த எங்கள் பாறசாலையில் அப்போது யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும். பத்து மணிக்கு ஜாதா, அதாவது கொடி ஊர்வலம், எங்கள் வீட்டு வழியாகப் போய், நெய்யாற்றின்கரையில் மறியல் செய்து கைதாகும். தலைமை என் கூட்டாளி சுவாமிதாஸ். நான் கதர்ச்சட்டை போட்டு, யாராவது போட்டோ எடுத்தாலும் எடுக்கலாம் என்று மீசையையும் ஒதுக்கிக்கொண்டேன்.

மனைவி சுகிர்தபாய் அழுவாள், நான் கலங்காமல் நிற்பேன் என்று நினைத்திருந்தேன். அவள் அழவில்லை. பல்லாங்குழிப் பலகையை எடுத்துவந்து பாயில் வைத்தாள்.

"ஒரு ஆட்டம் ஆடுவம். நிங்க ஜெயிச்சா போங்க. நான் ஜெயிச்சா இஞ்ச கெடக்கணும்."

"எடீ, நாடே பத்தி எரியுது. இப்பமா பல்லாங்குழி?"

"பயம் உண்டோ?"

"போலீசுக்கே பயப்படாதவனாக்கும் நான்!"

"போலீச விடுங்க. என்னக் கண்டு பயம் உண்டோண்ணாக்கும் கேட்டேன்."

உண்டுதான். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவளை நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்றிருந்தது. நான் பத்திரம் எழுதுகிறவன். ஆள் வராத நேரமெல்லாம் தாளில் பதினாலு வட்டம் போட்டு, புளியங்கொட்டை வைத்துத் தனியாகப் பழகியிருந்தேன். எதிராளியின் குழிகளைக் கண்ணாலேயே எண்ண வேண்டும். கடைசி விதை விழுந்து, அடுத்த குழி காலியாக இருந்தால், அதற்கடுத்த குழியில் உள்ளதெல்லாம் நமக்கு. ஆகவே கொழுத்த குழிக்கு முன்னால் ஒரு காலிக் குழி வரும்படி பார்த்து எடுக்க வேண்டும். இதில் நான் அப்போது ஒரு மேதை.

"சம்மதம்" என்றேன்.

"ஒருத்தருக்க ஏழு குழியும் மூடுனாத்தான் ஆட்டம் முடியும். அதுக்கு முன்ன எந்திரிச்சா தோத்ததாக்கும்."

ஆடினோம். முதல் சுற்றிலேயே அவளுக்கு மூன்று குழி நிரப்ப விதையில்லை, மூடிவிட்டோம். நாலு குழியோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கே பாவமாக இருந்தது. அடுத்த சுற்றில் இரண்டைத் திரும்பத் திறந்தாள். அதற்கடுத்ததில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு குழி, அஞ்சே விதை. வியர்த்துவிட்டது. அப்போது பார்த்து அவள் கோழிக்கு அரிசி போடுவதுபோல் எதையோ அள்ளி எங்கேயோ போட்டாள். பெரிய குழிக்கு முன்னால் காலி! ஒரே எடுப்பில் பன்னிரண்டு விதை எனக்கு.

"கவனமா ஆடு பிள்ளே" என்று புத்திகூடச் சொன்னேன்.

பத்து மணிக்குக் கோஷம் கேட்டது. வேலியோரம் சுவாமிதாஸ் கொடியோடு நின்றான்.

"எலே, வாறியா?"

"பத்து நிமிசம் மக்கா! ரெண்டு குழிதான் பாக்கி!"

"என்ன குழி?"

"நீ நடந்துக்கோ, ஓடி வாறேன்!"

அவளுடைய அந்த இரண்டு குழி அஞ்சாயிற்று. அஞ்சு ஒன்றாயிற்று. மறுபடியும் நாலாயிற்று. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பலகைக்குப் பக்கத்திலேயே வந்தன. இடது கையால் விதைத்துக்கொண்டு வலது கையால் தின்றேன். அந்த மீன்கறியின் ருசியும், குழியில் விதை விழுகிற சத்தமும், குனிந்திருந்த அவள் நெற்றியும் இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. அதுபோலொரு பகல் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

நாலரை மணிக்கு அவளுடைய ஏழாவது குழியையும் மூடினேன். வீடு அதிரக் கத்தினேன்.

"ஜெயிச்சாச்சில்லா? இனி போங்க" என்றாள்.

ரோட்டுக்கு ஓடினேன். ஒரு மாடு நின்றது. பன்னிரண்டு மணிக்கே எல்லாரையும் அடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். மூன்று வாரம் கழித்துச் சுவாமிதாஸ் நொண்டிக்கொண்டு வந்தான். அடுத்த இரண்டாம் வருஷம் எல்லையும் போட்டார்கள். நாங்கள் கேரளத்திலேயே நின்றுபோனோம்.

சுவாமிதாஸ் நொண்டி வந்த அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது.

"எடீ, எனக்கு ஒத்தக் குழி நின்னப்பம் நீ என்னத்துக்கு அப்படி ஆடின?"

"காலத்த எட்டு மணிக்கே ஒங்கள முடிச்சிருக்கலாம். முடிச்சா, கோவத்துல வேலியத் தாண்டிச் சாடி ஜாதாவில போயிருப்பீங்க. ஜெயிக்கப்போறேண்ணு இருக்கிற ஆம்பிள எடத்த விட்டு அனங்க மாட்டான். எனக்கு நிங்க முழுசா வேணும்."

எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் ஆண்பிள்ளை ரோஷம் விடுமா? "எப்படியானாலும் கடைசியில ஜெயிச்சது நானாக்கும்!" என்றேன்.

சுகிர்தபாய் பெருமூச்சு விட்டாள்.

"அதுக்கு நான் பட்ட பாடு எனக்கில்லா தெரியும்! நிங்க ஆடுற ஆட்டத்துக்கு, ஒங்களிட்ட தோக்கதுக்கு ஒம்பது மணிக்கூர் நேரமாச்சு."