அழுவதற்கு அனுமதி

தொலைக்காட்சித் தொடர்களில் எந்தப் பெண் என்ன செய்யலாம் என்று முடிவுசெய்ய ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே ஓர் எடை மெஷினும் ஒரு பட்டியலும் உண்டு. ஐம்பது கிலோவுக்குள் இருப்பவர் காதலிக்கலாம், அழலாம், மழையில் நனையலாம். எழுபதைத் தாண்டியவர் சாப்பிடலாம், நாற்காலியை உடைக்கலாம், தோழியின் காதல் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆண்களுக்குப் பட்டியல் கிடையாது. அவர்களுக்கு ஏறுவது எடை அல்ல, அனுபவம்.

பதினோரு வருடமாக நாற்காலி உடைத்துவந்த ஒரு நடிகை அங்கே விண்ணப்பத்தோடு வந்தாள். மெஷின் எண்பத்து நாலு காட்டியது.

"ஒரே ஒரு காட்சிதான் சார். அம்மா செத்துப்போறாங்க. நான் அழணும்."

அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினார். "உங்க எடைக்கும் அழுகை இருக்கேம்மா. ஐஸ்கிரீம் கீழே விழுந்தா அழலாம்."

"இங்க விழறது அம்மா சார்."

"அவங்க கையில ஐஸ்கிரீம் இருக்கா?"

"இல்ல."

"வச்சுக்கலாமே. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"இதுவரைக்கும் நாற்பது நாற்காலி உடைச்சிருக்கேன் சார். இந்த ஒரு அழுகையாவது கொடுங்க."

அதிகாரி இரக்கமுள்ளவர். மூவர் குழு முன்னிலையில் அழுது காட்டுமாறு உத்தரவிட்டார். குழு சிரிக்கத் தயாராக உட்கார்ந்தது. நடிகை ஒரு தடவை, மெதுவாக, "அம்மா" என்றாள். தலைவர் கைக்குட்டையை எடுத்தார். மற்ற இருவரும் அதில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் எழுந்துபோய்த் தன் அம்மாவுக்கு போன் செய்தாள்.

அப்புறம்தான் சிக்கல்.

"எண்பத்து நாலு கிலோவால யாரையும் அழவைக்க முடியாதே," என்றார் தலைவர்.

"ஆனா அழுதுட்டோமே சார்," என்றார் குழுவில் ஒருவர்.

"அப்போ அது எண்பத்து நாலு இல்ல. மெஷின் கெட்டிருக்கு."

ஒருமனதாக நாற்பத்தெட்டு என்று சான்றிதழ் எழுதி முத்திரை குத்தினார்கள்.

காட்சி ஒளிபரப்பானது. ஊரே அழுதது. மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா நடிகையின் வாசலுக்கே வந்துவிட்டாள். அவளும் எண்பதுக்குக் குறையமாட்டாள்.

"பாத்தேன்டி, அழுது தீத்துட்டேன். எப்படி இளைச்சுப்போயிட்டே நீ. என்ன சாப்பிடறே?"

"நான் அப்படியேதான் இருக்கேன்கா."

"மறைக்காதே. எங்க வீட்ல நான் அழுதா எல்லாரும் சிரிக்கிறாங்க. ஒரு அஞ்சு கிலோ குறைச்சா நிறுத்துவாங்களா?"

பதில் சொல்ல நடிகை வாயைத் திறந்தாள். அவளுக்கும் முதலில் வந்தது சிரிப்புதான்.