குடியரசுக்குப் போன மாந்தோப்பு

என்னை யாராவது "அரசியல் அறிவியல்ல எம்.ஏ." என்று அறிமுகப்படுத்தினால் இன்றைக்கும் அவசரமாகப் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தப் பட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தானே தெரியும்! தபால் வழியில் படித்தது. பரீட்சைக்கு முதல் நாள் கைடைப் புரட்டி, மறுநாள் எழுதி, வீட்டுக்கு வரும் வழியிலேயே பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கிய படிப்பு. (மறக்கறதுல மட்டும் நான் முதல் வகுப்பு.)

இதையெல்லாம் அறியாத ஒரு அப்பாவி என் மாமனார். கல்யாணமாகிப் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குடியரசு தினத்தன்று கிராம சபைக் கூட்டம். காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்:

"தலைவர்கிட்டச் சொல்லிட்டேன் கண்ணு. இன்னிக்கி நீதான் பேசற. ரெண்டு வார்த்த பேசிரு, ஊரு பாக்கட்டும்."

"சரிங்க மாமா" என்றேன். புது மருமகள் முடியாது என்று சொல்லலாமா கூடாதா என்பதே எனக்கு அப்போது தெரியாது. பெங்களூரில் வேலையிலிருந்த கணவருக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். "சூப்பர்! யாரையாச்சும் வீடியோ எடுக்கச் சொல்லு" என்றார் அந்த மகான்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா. மாமனார் முன் வரிசையில் சலவை வேட்டியுடன், என்னமோ நானே நாட்டுக்குச் சட்டம் எழுதியவள் போலப் பூரித்து உட்கார்ந்திருந்தார். மாமியார் மகளிர் குழுப் பெண்களோடு பின்னால் கதையில் மூழ்கியிருந்தார். வாழ்த்துச் சொன்னேன், நன்றி சொன்னேன், மைக்கை வைத்துவிட்டு ஓடப் பார்த்தேன். அதற்குள் பால்காரர் மாதேசன் எழுந்துவிட்டார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். ஓட்டுப் போடறது ஜனநாயகம்ங்கறாங்க. இன்னிக்கி குடியரசுன்னு கொடி ஏத்தறோம். ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

அடக் கடவுளே. பரீட்சையில் இது கேள்வியாகவே வந்திருந்தது, எழுதியும் இருந்தேன். என்ன எழுதினேன்? ஊரே என் வாயைப் பார்த்தது. மாமனாரோ, 'சொல்லு கண்ணு, சொல்லு' என்று தலையாட்டினார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்கண்ணா!" என்றேன். வாய் திறந்த பிறகு அது நிற்கவில்லை. "அதிகம் பேரு எதுக்குக் கை தூக்கறாங்களோ அதுதான் சட்டம். அதுக்கு மேல ஒண்ணும் கெடையாது!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். மாமனார் திரும்பி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டார். நானும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அடுத்து ஊராட்சிச் செயலர் எழுந்து, குப்பை பிரிக்கும் கொட்டகைக்கு இடம் வேண்டும், பள்ளிக்கூடத்தை ஒட்டிய புறம்போக்குதான் இருக்கிறது என்றார். தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள். "புள்ளைங்க சோறு திங்கற எடத்துல குப்பையா?" என்று ஒரே கூச்சல். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது:

"ரோட்டோரமா பெரியவரு மாந்தோப்பு இருக்குதே? மூலையில கொஞ்சம் எடம் போதுமே!"

மாமனார் சிரித்தார். "அட, அது எம் பட்டா நெலமப்பா."

"இருந்தா என்னங்க?" என்றார் மாதேசன். "அதிகம் பேரு கை தூக்குனா அதான் சட்டம்னு உங்க மருமவதான இப்பச் சொல்லுச்சு! தூக்குங்கப்பா கைய!"

தூக்கினார்கள். ஷாமியானாவுக்குக் கீழே கைகளாகவே தெரிந்தன. அதில் மஞ்சள் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. யாரென்று எட்டிப் பார்த்தேன். என் மாமியார்! (பக்கத்துல எல்லாரும் தூக்குனாங்களாம், இவங்களும் தூக்குனாங்களாம். எதுக்குன்னு கேட்டா தெரியாதாம்.) தடுத்திருக்க வேண்டிய, ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேற்பார்வை அதிகாரி, போன் வந்து வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்.

மாமனார் சிரிப்பை நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வந்து வருஷம்கூட ஆகவில்லை, ஒரே வாக்கியத்தில் அவர் தோப்பைத் தொலைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு போடுவது? அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியை நல்லவேளை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை, கட்டுவது சுலபம் என்றெல்லாம் மனசு ஓடியது.

பாய்ந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"கொஞ்சம் இருங்க! நான் சொன்னது தப்பு! மாதேசண்ணா, உங்ககிட்ட அந்தச் செவலப் பசு இருக்குதுங்களே, அத எனக்குக் குடுக்கணும்னு இத்தன பேரும் கை தூக்குனா அவுத்துக் குடுத்துருவீங்களா?"

மாதேசன் நாற்காலி சாய எழுந்தார். "எம் மாட்ட எதுக்கும்மா இழுக்கற? எவன் வந்து அவுக்கறான்னு பாத்தறேன்!"

"அதுதாங்கண்ணா குடியரசு!" என்று கத்தினேன். குரல் கிறீச்சிட்டது. "கை தூக்கறது ஜனநாயகம். எத்தன கை தூக்குனாலும் ஞாயமில்லாம உங்க மாட்டுல கை வைக்க முடியாதுன்னு முன்னாலயே சட்டம் எழுதி வச்சிருக்குது பாருங்க, அது அமலுக்கு வந்த நாளுதான் இன்னிக்கி!"

(அப்புறம் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். குடியரசு என்றால் பரம்பரை ராஜா இல்லாத நாடு என்று போட்டிருந்தது. நான் சொன்னது அரசியலமைப்பைப் பற்றி. அன்றைக்கு இருந்த பதற்றத்துக்கு அதுவே பெரிது.)

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக இறங்கியது மாமியார் கை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தோப்பு தப்பித்தது, நானும் தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்போது மாமனார் எழுந்தார்.

"கை தூக்கி எடுத்துக்கறேன்னா ஒரு புடி மண்ணு தர மாட்டேன். வந்து கேளுங்க, ரோசன பண்றேன்."

பள்ளிக்கூடத் தாய்மார்களில் ஒருத்தி எழுந்து, "புள்ளைங்களுக்காகக் கேக்கறோங்க" என்றாள்.

"எடுத்துக்கங்க" என்றார் மாமனார். அவ்வளவுதான். நான் தொண்டை கிழியக் காப்பாற்றிய மூலையை ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மாமனாரிடம் ஆடித் தீர்த்துவிட்டார். "யாரக் கேட்டு ஊருக்குக் குடுத்த? இந்த வூட்டுல குடுக்க வேணாம்கறவங்க கை தூக்குங்க, பாக்கலாம்!" அவர் தூக்கினார். நானும் தூக்கினேன். வீடியோ காலில் கணவரும் தூக்கினார்.

மாமனார் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளுக்கு ரெண்டு கையுந் தூக்குங்க. தோப்பு எம் பேருல இருக்குது. மருமவதான் சொல்லிக் குடுத்துச்சு" என்றவர், என்னிடம் திரும்பி, "நல்லாப் பேசுன கண்ணு. சோறு போடு" என்றார்.

கொட்டகை வந்து வருஷங்களாகின்றன. சரியாகச் சாப்பிட உட்காரும் நேரத்துக்குக் காற்று தோப்புப் பக்கமிருந்து வீட்டுக்குத் திரும்பும். மாமியார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "மருமவளே, உங் குடியரசு வருது, சன்னலச் சாத்து" என்பார்.

இதைக் கேட்டே வளர்ந்தவள் என் மகள். போன வாரம் வகுப்பில் டீச்சர், "குடியரசு என்றால் என்ன?" என்று கேட்டாராம். இவள் முதல் ஆளாக எழுந்து நின்று மூக்கைப் பொத்திக் காட்டியிருக்கிறாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து விளக்கம் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.