அலோஹா அருளானந்தன்

உச்சரிப்புக் காவலர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் வாயைத் திறந்ததும் காதைத் தீட்டிக்கொள்வார். சொன்ன செய்தி சாவோ கல்யாணமோ, அவருக்கு ஒன்றுதான். சொல் சரியாக விழுந்ததா என்பதே கவலை.

ஒஸ்லோவில் ரொம்சோஸ் அடுக்குமாடியின் ஆறாம் தளத்தில் வசித்த அருளானந்தன் அந்த இனத்தவர். முன்பெல்லாம் மனைவி புஷ்பமலர் "காணுமப்பா", அதாவது போதுமப்பா, என்ற ஒரு சொல்லில் அவரை நிறுத்திவிடுவாள். 2005 பனிக்காலத்தில் அவள் காலமாகிவிட்டாள். பிறகு நிறுத்த ஆளில்லை.

2006இல் எதிர்வீட்டு இமெல்டாவின் மகள் ஆரணிக்கு ஹவாய்ப் பையனோடு கல்யாணம் நிச்சயமாயிற்று. பையனின் தாய் பெண்வீட்டைப் பார்க்க வருகிறார்.

"முதல் சந்திப்பு, அண்ணை. மனிசி மனம் நோகாமல் போகவேணும்" என்று இமெல்டா சொன்னதுதான் தாமதம், பாடம் தொடங்கிவிட்டது.

அருளானந்தன் ஹவாய்க்குப் போனவரா? ஒஸ்லோவுக்கு வந்தபின் பக்கத்து ஊரான திராமனைத் தாண்டியதில்லை. நூலகத்துப் புத்தகம் ஒன்று, அதனோடு ஒரு குறுந்தட்டு. போதாதா?

"வெறும் ஹவாய் இல்லை. ‘ஹவாய்’ எண்டு சொல்லி, தொண்டையை ஒருக்காப் பூட்டி, பிறகு ‘இ’."

"நான் கதைக்கிறதோ, விக்கிறதோ?"

"அலோஹா எண்டால் வணக்கம், அன்பு, போயிட்டு வாறன், எல்லாம். ‘கா’ இல்லைப் பிள்ளை, ‘ஹா’. கார்க் கண்ணாடிப் பனிக்கு ஊதுற மாதிரி."

லிஃப்டில் ‘மஹாலோ’, அதாவது நன்றி. குப்பை போடும் இடத்தில் ‘ஒஹானா’, அதாவது குடும்பம். கடையில் வெண்டிக்காய் பொறுக்கும்போது ‘ஓனோ’, அதாவது ருசி. கடைசியில் இமெல்டா ஆறு மாடியும் படியால் ஏறத் தொடங்கினாள்.

அந்த நாளும் வந்தது. விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பூமாலைகளோடு சம்பந்தியம்மா, மகன் பின்னால் வர, வாசலில் நின்றார். இமெல்டாவுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. "வாங்கோ, வாங்கோ" என்று கட்டிப்பிடித்தாள். அவளுக்கு ஒரு மாலை விழுந்தது.

அடுத்து நம்மவர். "அலோஹா!" பிசிறில்லை. சம்பந்தியம்மா வியந்துபோய் அவருக்கும் ஒரு மாலை போட்டார். "மஹாலோ!" அப்பழுக்கில்லை.

சொன்ன கையோடு, இருபது வருடம் தமிழ்ச் சங்கத் தலைவராக மேடைகளில் செய்த அதே பணிவோடு, மாலையைக் கழற்றி ரோல்ஸ் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. மாப்பிள்ளை ஆரணியின் காதில் ஏதோ சொன்னான்.

"மாமா, மாலை போட்ட ஆக்கள் பாக்கக் கழட்டக்கூடாதாம். அவையின்ரை அன்பு வேண்டாம் எண்டு சொல்லுற மாதிரியாம்!"

புத்தகத்தில் அது இருந்திருக்கும். அவர் சொல் பட்டியலைத் தாண்டவில்லையே!

தலைவர் விளக்கவுரைக்காகத் தொண்டையைச் செருமினார். இமெல்டா முந்திக்கொண்டாள். மாலையை எடுத்து அவர் கழுத்தில் திரும்பப் போட்டாள்.

"காணும் அண்ணை. வாயை மூடிக்கொண்டு இதோட இருங்கோ."

சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விளங்கிவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். இமெல்டாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அருளானந்தன் தேங்காய்ப்பால் சோதியில் மாலையின் இதழ் உதிர உதிரப் பேசாமல் சாப்பிட்டார். ‘காணும்’ என்று யாராவது சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அன்றைக்கு அவர் இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னார்.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? நல்லது. அப்படியானால், மேலே ‘அலோஹா’ வந்த இடத்தில் வாயைத் திறந்து மெல்ல ஊதிப் பார்த்தது யார்?