கியர்பாக்ஸ் தட்டுக்கு வெள்ளிப் பூச்சு

லாரிக்கு அடியில், சரியாகக் கியர்பாக்ஸுக்கு நேர் கீழே, அப்பளம் அளவுக்கு ஓர் ஆயில் கறை கிடந்தது. மாரிக்கண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து அதைத் தொட்டான், முகர்ந்து பார்த்தான், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

வேறொரு நாளாக இருந்தால் மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போயிருப்பான். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு லாரி மில் கேட்டில் நிற்க வேண்டும். வருடம் முழுக்கப் பஞ்சு லோடு. அது மட்டும் கிடைத்துவிட்டால் லோடு தேடி ஊர் ஊராக நாயாய் அலைய வேண்டியதில்லை. அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு லாரி வந்தால் சூப்பர்வைசர் தனுஷ்கோடி அதற்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்துவிட்டு அரை மணி நேரம் கைகட்டி நிற்பார். ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் வண்டி வந்த வழியே போய்விட வேண்டும். பஞ்சில் கறை பட்டால் அவருக்கு உயிரே போய்விடும்.

மல்லாங்கிணற்றில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மைத்துனன் வீரபாண்டிக்குப் போன் போட்டான்.

"மாப்ள, கியர்பாக்ஸ் தட்டு ஒழுகுது. இப்பமே வாரியா?"

"இன்னைக்குத் தலைக்கு மேல வேலை மச்சான். நாளைக்குச் சாயங்காலம் வாரேன். அதுவரைக்கும் நீங்க அதுல கையை மட்டும் வச்சுராதீக."

அந்தக் கடைசிப் பேச்சுதான் சுருக்கென்று தைத்தது. பதினைந்து வருடமாக லாரி ஓட்டுகிறவனுக்கு கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயிலைத் தாங்கும் ஒரு தட்டைக் கழற்றி மாட்டத் தெரியாதா? ஸ்பேனரோடு லாரிக்கு அடியில் நுழைந்தான்.

ஆயில் முழுவதும், அவன் மனைவி தங்கலட்சுமி துணி ஊறவைக்கும் டப்பில் இறங்கியது. தட்டு கைக்கு வந்தபோது பார்க்கவே பரிதாபமாக இருந்தது. எங்கு பார்த்தாலும் துரு. ஒழுகுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளி பெயிண்டை எடுத்து உள்ளும் புறமும் பூசினான்.

"உள்ளயுமா அடிக்கணும்?" என்றாள் தங்கலட்சுமி.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சா வெளிய மட்டுமா அடிக்கிறோம்?"

சீக்கிரம் காயட்டும் என்று மாடியில் கொண்டுபோய் வைத்தான். தெரு முழுக்க விசைத்தறி ஓடுகிற ஊரில் ஈரப் பெயிண்டை வெளியே வைக்கலாமா? அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால், பறந்து வந்த பஞ்சுத்தூசி எல்லாம் ஒட்டி, தட்டுக்கு நரைத்த தாடி முளைத்திருந்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தான். இந்த முறை கதவைச் சாத்தி வீட்டுக்குள்ளேயே காயவைத்தான். பெயிண்ட் நாற்றத்தில் தங்கலட்சுமி சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

மனதில் ஒரு சந்தேகம் உறுத்த, மீண்டும் போன் போட்டான்.

"மாப்ள, தட்டுக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிச்சா என்னாகும்?"

"சூட்டுல உரிஞ்சு ஆயில்ல கலந்துரும். கியரு மொத்தமும் போச்சு. ஆமா, எதுக்குக் கேக்குறீக?"

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கிறலாம்னுதான்."

உள்பக்கத்தைத் தின்னர் ஊற்றி மாய்ந்து மாய்ந்து சுரண்டினான். தட்டு பளிச்சென்று ஆனது. மாட்டப்போனால், இடையில் வைக்கிற பழைய அட்டை கையோடு கிழிந்து வந்தது. அது இல்லாமல் மாட்டினால் அருவியாகக் கொட்டும். வீட்டுக்குள் போனான், டிவி பக்கத்தில் கெட்டியாக ஓர் அட்டை இருந்தது, அளவாக வெட்டினான், வைத்தான், மாட்டினான்.

"ஏங்க, இங்கன இருந்த காதுகுத்துப் பத்திரிகையைப் பாத்தீகளா? எங்க சித்தப்பா பேரனுக்கு. எந்த மண்டபம், எத்தனை மணின்னு பாக்கணும்."

"அதை இனிமே பாக்க முடியாது. பன்னெண்டு போல்ட்டு போட்டு முறுக்கியாச்சு."

தங்கலட்சுமி அவனை முறைத்த முறைப்பில் மிச்சமிருந்த ஈரப் பெயிண்டும் காய்ந்திருக்கும்.

"சரி, டப்புல இருந்த ஆயிலு எங்க?"

"ஆட்டுக் கொட்டில்ல கரையான் ஏறுதுன்னு பக்கத்து வீட்டு ஈஸ்வரி மதினி கேட்டாக. தூக்கிக் குடுத்துட்டேன். கழிவு ஆயில்னு நெனச்சேன்."

மாரிக்கண்ணன் பஜாருக்கு ஓடிப் புது ஆயில் வாங்கி வந்து ஊற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் மில் கேட்டில் தனுஷ்கோடி வெள்ளைத் துணியை விரித்தார். அந்த அரை மணி நேரமும் மாரிக்கண்ணன் துணியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் துணியை உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து அடியில் டார்ச் அடித்தார். கியர்பாக்ஸ் தட்டு தகதகவென்று மின்னியது.

"யாருய்யா செஞ்சது இதை?"

"நான்தான் சார். வீட்டுல வச்சே செஞ்சேன்."

"ஏய், எல்லாரும் வந்து பாருங்கய்யா. வண்டின்னா இப்படி வச்சிருக்கணும். நீ நாளையிலருந்து லோடு ஏத்திக்க மாரிக்கண்ணா."

வரிசையில் நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று கியர்பாக்ஸ் தட்டுகள் அவன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன, வெள்ளிப் பூச்சுக்கு. சொன்னபடி வந்த வீரபாண்டி லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது அவன் பேச்சில் ஒரு பணிவு வந்திருந்தது.

"மச்சான், நான்கூட இம்புட்டுச் சுத்தமாச் செஞ்சிருக்க மாட்டேன். ஒழுக்கை எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"கறையைத் தொட்டு ஒருதரம் மோந்து பாத்தேன். அம்புட்டுத்தான் மாப்ள. எல்லாம் அனுபவம்."

தங்கலட்சுமிக்கே பெருமை தாங்கவில்லை. இருவருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். ஜென்மத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை என்று மாரிக்கண்ணன் காப்பியை உறிஞ்சியபோது, பின்தெருவில் தறி ரிப்பேர் பார்க்கும் சோலைச்சாமி தலையைச் சொறிந்தபடி வந்து நின்றான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. முந்தாநாளு மத்தியானம் வெயிலு தாங்காம ஒங்க லாரிக்கு அடியில படுத்து ஒறங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா என் தறி ஆயில் டப்பா சாஞ்சு அங்கனயே கொட்டிக் கெடந்துச்சு, கறையைத் தொடைக்காமச் சொல்லாமக்கொள்ளாமப் போயிட்டேன்."